எல்லைக் கோடுகள் – 12: ஆறு எல்லையான கதை

1818 அக்டோபர் 20 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். வட அமெரிக்காவில் உட்ஸ் ஏரியிலிருந்து ராக்கி மலைத்தொடர் வரை 49ஆவது அட்சரேகையே பிரிட்டனின் ஆட்சிப்பகுதிக்கும் அமெரிக்காவுக்கும் எல்லை என்றது அந்த உடன்படிக்கை. 1846 ஜூன் 15 அன்று ஏற்பட்ட இன்னொரு உடன்படிக்கை அதே கோட்டை மேற்கே பசிபிக் கடல்வரை நீட்டியது. காகிதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் புல்வெளியில் வாழ்ந்தவர்களுக்கோ அப்படியொரு கோடு இருப்பதே தெரியாது. எருமை மந்தைகளும், அவற்றைத் தொடர்ந்து சென்ற பழங்குடிகளும் எப்போதும்போல் வடக்கும் தெற்குமாகப் போய் வந்துகொண்டிருந்தனர்.

ஏரிக்கும் மலைக்கும் இடைப்பட்ட கோட்டை நில அளவையாளர்கள் 1872இல்தான் அளக்கத் தொடங்கினார்கள். இரவில் விண்மீன்களை நோக்கி அட்சரேகையைக் கணித்து, பகலில் மண்மேடும் கற்குவியலும் எழுப்பிக்கொண்டே 1874இல் மலையடிவாரத்தை எட்டினார்கள். தூக்குக்குண்டு எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தொங்குவதில்லை. பூமிக்குள்ளும் மேலும் உள்ள பெரும்பாறைத் திணிவுகள் அதைச் சற்றே இழுத்துவிடும். அதனால் அவர்கள் வைத்த அடையாளங்கள் சில இடங்களில் உண்மையான 49ஆவது அட்சரேகையிலிருந்து நூற்றுக்கணக்கான அடி விலகி நின்றன. நட்ட அடையாளமே எல்லை என்று இரு நாடுகளும் பின்னர் ஏற்றுக்கொண்டன.

1877இல் லகோட்டா மக்களின் தலைவர் சிட்டிங் புல், அமெரிக்கப் படையிடமிருந்து தப்பித் தம் மக்களோடு இந்தக் கோட்டைக் கடந்து வடக்கே போனார். அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டாமல் நின்றுவிட்டது. பழங்குடிகள் அதற்கு ‘மந்திரக்கோடு’ என்று பொருள்படும் பெயரிட்டார்கள். படை நின்ற இடத்தில்தான் அவர்களுக்கு அந்த எல்லை தெரிந்தது.

அதன்பின் வந்தது தண்ணீர்ப் பிரச்சினை. அமெரிக்காவின் மொன்டானாவில் பிறக்கும் மில்க் ஆறு 49ஆவது அட்சரேகையைத் தாண்டிக் கனடாவுக்குள் ஓடி, மீண்டும் திரும்பி மொன்டானாவுக்கே வருகிறது. அந்த ஆறு யாருடையது? 1909 ஜனவரி 11 அன்று கையெழுத்தான எல்லை நீர் உடன்படிக்கை, மில்க் ஆற்றையும் அருகிலுள்ள செயின்ட் மேரி ஆற்றையும் ஒரே ஆறாகக் கருதிச் சமமாகப் பங்கிடச் சொன்னது. பாசனக் காலத்தில் மில்க் ஆற்றில் முதல் 500 கனஅடி அமெரிக்காவுக்கு, செயின்ட் மேரியில் முதல் 500 கனஅடி கனடாவுக்கு என்று வினாடிக் கணக்கு எழுதப்பட்டது. பங்கு என்று வந்தபின் அளந்தாக வேண்டும். கோட்டையொட்டி ஆற்றில் அளவை நிலையங்கள் வந்தன.

கோடு வரைந்த நாள் வேறு, அது எல்லையாகும் நாள் வேறு. கோட்டின் மீது ஒரு கணக்கு எழுதத் தொடங்கும்போதுதான் அது எல்லையாகிறது. இந்த இதழில் நாம் பார்க்கப்போவது அப்படிப்பட்ட ஒரு கோட்டை. அது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், 12ஆவது அட்சரேகைக்குச் சற்று வடக்கே, அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைச்சாலையில் உள்ள நாட்றாம்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. விண்மீன் பார்த்து வரைந்த கோடு அல்ல அது. காவிரி ஆறேதான் அங்கே கோடு.

வரிக் கணக்கு

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் 18 அன்று ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர வேண்டும். பணம் கட்டி முடியும்வரை இரு மகன்களைப் பிணையாக அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

பாதி நாடு என்பதை எப்படி அளந்தார்கள்? பரப்பை வைத்தல்ல. எந்தச் சீமை ஆண்டுக்கு எத்தனை வராகன் வரி தருகிறது என்ற பட்டியலை வைத்து, மொத்த வருவாயில் பாதி வரும்படி சீமைகளைப் பிரித்தார்கள். மலையும் ஆறும் கோட்டையும் பேச்சில் அடிபட்டன. ஆனால் பங்கு போட உதவியது வரிக் கணக்குப் புத்தகமே. அந்தக் கணக்கில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் பக்கம் விழுந்த சீமைகளில் ஒன்று பாராமகால். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் அதில் அடங்கும்.

மேற்கே மேட்டுநிலமான ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் திப்புவிடமே இருந்தன. ஆக, 1792 முதல் 1799 வரை ஏழு ஆண்டுகள், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நடுவே இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போவது அன்று வேற்று நாட்டுக்குப் போவது.

பாராமகாலை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர் படை அதிகாரியான அலெக்சாண்டர் ரீட். அவரது உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியிலிருந்து பணியாற்றினார். பட்டியலில் எழுதிய வரி உண்மையில் நிலத்திலிருந்து வருமா என்று பார்க்க அவர்கள் வயல் வயலாக அளந்தார்கள். உழவரிடம் அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரான மன்றோவின் புகழுக்கு அடித்தளம் இட்டது இந்தச் சீமைதான். பிரித்துக்கொண்ட நிலத்தின் உண்மை மதிப்பை அறியும் தேவையிலிருந்து பிறந்த அந்த வரி முறை, பின்னர் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உழவர் வாழ்வை ஒன்றரை நூற்றாண்டு ஆண்டது.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் இறந்தார். மீதி நாட்டையும் பங்கு போட்டார்கள். மைசூர் அரியணையில் உடையார் வம்சத்துச் சிறுவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் கும்பினிக்கு வந்து சேலம் மாவட்டத்தில் சேர்ந்தன. காவிரிக்கு அப்பால் இருந்த கொள்ளேகாலும் கும்பினிக்கு வந்து, கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. நம் கதைக்குத் திருப்பம் தருவது இந்தக் கொள்ளேகால்தான்.

157 ஆண்டுகள் இல்லாத எல்லை

நாட்றாம்பாளையம் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் காவிரிக்கு அப்பால் தெரியும் காடு இன்று கர்நாடகம். 1799 முதல் 1956 வரை அது சென்னை மாகாணம். இந்தக் கரை சேலம் மாவட்டம், அந்தக் கரை கோயம்புத்தூர் மாவட்டம். இடையில் ஓடிய ஆறு இரண்டு கலெக்டர்களின் அதிகாரத்தைப் பிரித்தது, அவ்வளவுதான். மைசூர் சமஸ்தானத்தின் எல்லை இன்னும் மேலே, ஆற்றின் மேற்பகுதியில் இருந்தது. ஒகேனக்கல் அருவியின் இரு கரையும் ஒரே மாகாணத்துக்குள் இருந்த காலம் அது.

இங்கிருந்து பரிசலில் ஆற்றைக் கடந்து மாதேஸ்வரன் மலைக்குப் போன பக்தர், வேறு மாநிலத்துக்குப் போகிறோம் என்று நினைக்க அன்று காரணமே இல்லை. அந்தக் கோயிலும் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆலம்பாடி மாட்டினத்தின் தாயகம் இந்தக் காவிரிக் கரைக் காடுகள். மேய்ச்சல் தேடிப் போகும் மந்தைக்கு மாவட்ட எல்லை ஒரு பொருட்டில்லை. காட்டின் யானைகளுக்கு இன்றும் எந்த எல்லையும் பொருட்டில்லை. இந்தப் பக்கம் காவிரி வடக்கு, தெற்கு வன உயிரினச் சரணாலயங்கள் என்றும், அந்தப் பக்கம் காவிரி, மலை மாதேஸ்வரா சரணாலயங்கள் என்றும் இப்போது நான்கு பெயர்களில் அழைக்கப்படும் நிலம் யானைக்கு ஒரே காடு.

மக்களின் பேச்சிலும் ஒரே மொழி இருந்ததில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சந்தையிலும் வீட்டிலும் கலந்து புழங்கிய பகுதி இது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு வழி, கன்னட வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அதேபோல் ஆற்றுக்கு அப்பால் கோபிநத்தம் போன்ற ஊர்களில் வீட்டு மொழி தமிழ்.

மொழிக் கணக்கு

விடுதலைக்குப்பின் மொழிவாரி மாநிலக் கோரிக்கை வலுத்தது. 1953 டிசம்பரில் ஃபசல் அலி தலைமையில், எச்.என்.குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்டு மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 1955 செப்டம்பர் 30 அன்று அது தன் அறிக்கையைத் தந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழிப் பட்டியலை வைத்துக்கொண்டு மாவட்டம், தாலுகா எனப் பிரித்துப் பார்த்தார்கள். 1792இல் வராகன் எண்ணிய இடத்தில் இப்போது மொழி பேசுவோரின் எண்ணிக்கை வந்தது.

1956 நவம்பர் 1 அன்று மாநிலச் சீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கன்னடம் பேசுவோர் மிகுந்த கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது. ஓசூர் சேலம் மாவட்டத்திலேயே தங்கியது.

இந்தப் பகுதியில் அன்று புதிதாக எந்தக் கோடும் வரையப்படவில்லை. எவரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. தாலுகா கச்சேரிப் படத்தில் ஏற்கெனவே இருந்த மாவட்ட எல்லைக்கு மாநில எல்லை என்று பதவி உயர்வு கிடைத்தது. அக்டோபர் 31 இரவு ஒரே மாநிலத்தின் இரு கரைகளாக இருந்தவை, மறுநாள் காலையில் இரு மாநிலங்களின் கரைகளாயின. ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளத்துக்குக் காவிரி எல்லையானது அன்றுதான்.

வடக்கே திருத்தணிக்காக ம.பொ.சி.யும், தெற்கே கன்னியாகுமரிக்காக மார்ஷல் நேசமணியும் நடத்திய போராட்டங்களைத் தமிழகம் மறக்கவில்லை. கொள்ளேகால் பிரிந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. எண்ணிக்கையின்படி அது நியாயமான முடிவே. ஆனால் எண்ணிக்கை பெரும்பான்மையைத்தான் காட்டும். இந்தப் பக்கம் தங்கிய கன்னடக் குடும்பங்களும், அந்தப் பக்கம் போன தமிழ்க் குடும்பங்களும், ஒரு வாக்குகூடக் கேட்கப்படாமல் தாம் வாழும் மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். தாலுகா என்ற அலகுக்குள் அந்த ஊர்கள் கரைந்துபோயின. இதைச் சொல்வது பழைய வழக்கைத் தூண்டுவதற்காக அல்ல. எல்லையோர மக்களின் இரு மொழி வாழ்வு பிழையல்ல, அதுவே இந்த மண்ணின் பழைய இயல்பு என்பதை இரு அரசுகளும் மதிக்க வேண்டும் என்பதற்காகவே.

நீர்க் கணக்கு

1956க்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்த எல்லைக்கு இன்றுள்ள கனம் வரவில்லை. அதைக் கொண்டுவந்தது தண்ணீர்.

காவிரிக்காக மைசூரும் சென்னையும் 1892இலேயே ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அடுத்தது 1924 பிப்ரவரி 18இல் ஏற்பட்ட உடன்பாடு. கிருஷ்ணராஜசாகருக்கு 44.8 டி.எம்.சி., மேட்டூருக்கு 93.5 டி.எம்.சி. என இரு பெரும் அணைகளுக்கு அதில்தான் வழி பிறந்தது. மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த உடன்பாட்டின்படி, மேலே மைசூர் எவ்வளவு தேக்கலாம் என்பதைக் கீழே திருச்சிக்குப் பக்கத்தில் முக்கொம்பு மேலணையின் அளவுகோல் காட்டிய நீர்மட்டத்தை வைத்து முடிவு செய்தார்கள். அளவிடும் இடம் எல்லையிலிருந்து வெகு தூரம் தள்ளி, பாசனத்தின் தலைவாயிலில் இருந்தது.

1990 ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25 அன்று வந்த இடைக்கால ஆணை ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்றது. அது மேட்டூர் அணைக்கு வந்து சேர வேண்டிய கணக்கு. 2007 பிப்ரவரி 5 அன்று வந்த இறுதித் தீர்ப்பு 192 டி.எம்.சி. என்றது. அது இரு மாநிலங்களும் தொட்டுக்கொள்ளும் இடமான பிலிகுண்டுலுவில் அளக்க வேண்டிய கணக்கு. மேட்டூரில் அளந்தால் இடைப்பட்ட காடுகளில் பெய்யும் மழையும் சேர்ந்துவிடும். எனவே எல்லையிலேயே அளப்பது தெளிவானது.

முக்கொம்பு, மேட்டூர், பிலிகுண்டுலு. எண்பத்து மூன்று ஆண்டுகளில் அளவிடும் இடம் ஆற்றை எதிர்த்து ஏறி ஏறி வந்து எல்லையைத் தொட்டது. காவிரி உண்மையிலேயே எல்லையாகி முடிந்தது அப்போதுதான் என்பேன். 1956இல் சட்டம் கோட்டைத் தந்தது. 2007இல் கணக்கு அதை எல்லையாக்கியது.

நாட்றாம்பாளையத்திலிருந்து காட்டுவழியே போய்ச்சேரும் பிலிகுண்டுலு ஒரு சிற்றூர். அங்கே மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழத்தையும் நீரோட்ட வேகத்தையும் அளந்து, குறுக்குப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கனஅடி என்று தெரிந்துவிடும். வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி., அதாவது 100 கோடி கனஅடி. மாலைச் செய்தியில் ஒகேனக்கல் நீர்வரத்து என்று நாம் கேட்கும் எண்ணுக்கும், பரிசல் ஓட்டத் தடை விதிப்பதற்கும் நீக்குவதற்கும் அடிப்படை அந்த அளவுதான். ஒகேனக்கல் பரிசல்காரரின் அன்றைய கூலி, தஞ்சை உழவரின் குறுவை, மண்டியா உழவரின் கரும்பு எல்லாம் அந்த எண்ணோடு கட்டுண்டவை.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 192ஐ 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று மாதந்தோறும் கணக்கு உண்டு. மழை இந்தப் பட்டியலைப் பார்த்துப் பெய்வதில்லை. 2023இல் பருவமழை பொய்த்தபோது, பிலிகுண்டுலுவில் வினாடிக்கு 5,000 கனஅடி 15 நாளுக்கு வர வேண்டும் என்று காவிரி மேலாண்மை ஆணையம் சொன்னது. மொத்தம் ஆறரை டி.எம்.சி.கூட வராத அந்த நீருக்காக டெல்டா தவித்தது. கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தது. மறு ஆண்டே நிலைமை தலைகீழானது. 2024 ஜூலை இறுதியில் வினாடிக்கு 1.5 லட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் வந்து மேட்டூர் நிரம்பியது. அந்த வேகத்தில் ஆகஸ்டு மாதப் பங்கு முழுவதும் நான்கு நாளுக்குள் கடந்துவிடும். வெள்ள ஆண்டில் எவரும் எல்லையைப் பற்றிப் பேசுவதில்லை. வறட்சி ஆண்டுக்கான பங்கீட்டு முறை ஒன்றை இரு மாநிலங்களும் மனமுவந்து ஏற்காதவரை, ஒவ்வொரு வறண்ட ஆகஸ்டும் இந்த எல்லையைப் புதிதாகக் கீறிக்கொண்டே இருக்கும். மேலே மேக்கேதாட்டுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் முனைவதும், தமிழகம் எதிர்ப்பதும் இந்தக் கணக்கின் தொடர்ச்சியே.

ஒரே எல்லை, இரு வாசல்கள்

இதே எல்லை வடக்கே ஓசூரில் வேறு முகம் காட்டுகிறது. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் லாரிகள் வணிகவரிச் சோதனைச் சாவடிக்காக நீண்ட வரிசையில் நின்றன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிக் கணக்கு நின்றது, வரிசையும் போனது. ஓசூர் சிப்காட் தொழிலாளியும் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி ஊழியரும் எல்லையைக் கடப்பதை நினைக்காமலே அன்றாடம் கடக்கிறார்கள். 2020இல் கொரோனாவுக்காக இ-பாஸ் கேட்டபோது மட்டும் எல்லை மீண்டும் எழுந்து நின்றது. ஆட்களை எண்ணுவது முடிந்ததும் மறைந்தது.

சாலையில் கணக்கு நின்றதால் எல்லை கரைந்தது. ஆற்றில் கணக்கு இறுகியதால் எல்லை கனத்தது. இரண்டும் ஒரே மாநில எல்லையின் இரு முனைகள். அப்படியானால் எல்லை எப்படிப்பட்டது என்பது வரைபடத்தின் கையில் இல்லை. எதை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. இது நமக்கு நம்பிக்கை தர வேண்டிய உண்மை. ஏனெனில் எதை எண்ணுவது என்று தேர்ந்தெடுக்க நம்மால் முடியும்.

1792இல் வரியை எண்ணினார்கள். 1956இல் மொழியை எண்ணினார்கள். 2007 முதல் நீரை எண்ணுகிறோம். ஆற்றின் நலத்தை இன்னும் எண்ணத் தொடங்கவில்லை. நடுவர் மன்றம் பங்கிட்ட 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கியது 10 டி.எம்.சி. மட்டுமே. பாயும் ஆறு எந்த மாநிலத்துக்கும் தனியுடைமை ஆகாது, அது தேசத்தின் சொத்து என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால், பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்பதோடு, அந்த நீர் எவ்வளவு தூய்மையாக வருகிறது, எத்தனை வகை மீன் மிஞ்சியிருக்கிறது, இரு கரைக் காடும் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் இரு மாநிலங்களும் ஒன்றாகச் சேர்ந்து அளக்க வேண்டும். பங்கு பிரிக்க எழுதும் கணக்கு இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தும். காப்பதற்கு எழுதும் கணக்கு ஒரே பக்கத்தில் நிறுத்தும். 49ஆவது அட்சரேகையில் இரண்டு ஆறுகளை ஒரே ஆறாகக் கருத இரு நாடுகளால் முடிந்தது. ஒரே நாட்டின் ஒரே ஆற்றை ஒன்றாகக் கருதுவது நம்மால் முடியாத காரியமல்ல.

அடுத்த இதழில்: 1945 ஆகஸ்டில் கொரியாவின் குறுக்கே விழுந்த 38ஆவது அட்சரேகையும், பின்னர் மூண்ட கொரியப் போரில் இந்திய மருத்துவப் படையை வழிநடத்திய தமிழர் ஏ.ஜி.ரங்கராஜும்.

(தொடரும்)